சிவப்பை அமுக்கினால் பச்சை எரிந்த பலகை

1

போன வாரம் கேம்பல் பே கப்பலில் என் மகள் முத்துலட்சுமியிடமிருந்து கடிதம் வந்தது. அவள் அங்கே, தெற்குக் கோடித் தீவில், பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறாள். கடிதம் அவளுடைய அம்மாவுக்கு எழுதியது, வாசித்தவன் நான். என் வீட்டுக்காரி பாக்கியம் எழுத்துத் தெரியாதவள் அல்ல. பரமக்குடிப் பக்கத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். பலசரக்கு மடித்து வரும் காகிதத்தைக்கூட விரித்துப் படித்துவிட்டுத்தான் அடுப்பில் போடுவாள். ஆனால் மகள் தமிழை இந்தி எழுத்தில் எழுதுகிறாள். தமிழ் எழுத்து அவளுக்கு மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது.

"இங்கே நாலு நாளா ஒரே மலை" என்று வாசித்தேன்.

"மலை எப்பவும் இருக்கறதுதானே? அதென்ன நாலு நாளா?" என்றாள் பாக்கியம்.

"மழை, மழை. இந்தியில அந்த எழுத்து கிடையாது."

"எழுத்தே இல்லாத ஊருக்கு எதுக்குங்க அம்புட்டு மழை?"

மேலே வாசித்தேன். பிள்ளைகளைப் பேச வைப்பதற்கென்று ஒரு டேப் மெஷின் மெயின்லேண்டிலிருந்து அவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கிறதாம். வந்த நாளிலிருந்து அலமாரிக்குள் பூட்டி இருக்கிறதாம். சாவி கிளார்க்கிடம், கிளார்க் லீவில் மெயின்லேண்டில். "அதனால அப்பா, நீங்க எனக்கு ஒரு பல்ப் போர்டு செஞ்சு அனுப்புங்க. பதினெட்டுப் பிள்ளைங்க. ஆனா சிவப்பை அமுக்கினா சிவப்பே எரியணும்."

கடைசி வரியைப் பாக்கியத்துக்கு நான் வாசிக்கவில்லை. மகள் தமிழ் எழுத்தை விட்டதற்குக் காரணம் ஒரு பல்ப் போர்டு. அதைச் செய்தவன் நான்.

நம் ஊர் வாசகசாலைக் கையெழுத்துப் பத்திரிகைக்கு, "அந்தமான் வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுதுங்கள், அங்கே மனிதர்கள் இருக்கிறார்களா?" என்று கேட்டிருந்தீர்கள். கப்பலை விட்டு நான் இறங்கி இந்த மாதத்தோடு இருபது வருஷம். மனிதர்கள் இருக்கிறார்கள், ஐயா. மூன்று பிரதியில் மனு எழுதிக்கொண்டு இருக்கிறார்கள். அதற்கு மேல் தெரிய வேண்டுமென்றால் இந்த போர்டு கதையைப் படியுங்கள்.

2

நான் ஹேடோவில் துறைமுக வயர்மேன். கப்பல் வந்தால் கூட்டம், கப்பல் போனால் கொட்டாவி. இங்கே ஒரு சொல் உண்டு: "கப்பல் வந்தால் கல்யாணம், வராவிட்டால் கருவாடு." வெங்காயமும் கடிதமும் மாப்பிள்ளையும் ஒரே கப்பலில்தான் வர வேண்டும். அதிகாரிகளின் புதுப் புத்தியும் அதே கப்பலில்தான் வரும். மெயின்லேண்டில் ஒருவர் இருமினால், ஆறு மாதம் கழித்து எங்களுக்கு இங்கே காய்ச்சல் வரும்.

குவார்ட்டர்ஸில் எங்களுக்கு இடப்பக்கம் வங்காளி, வலப்பக்கம் தெலுங்கர், எதிரே மலையாளி. எல்லோருக்கும் பொதுவாக ஓர் இந்தி. அந்த இந்தியை வடக்கே கொண்டுபோய்ப் பேசினால் போலீஸில் பிடித்துக் கொடுப்பார்கள். எனக்கும் அது நாக்கில் ஒட்டிக்கொண்டது. ஒரு தடவை லீவில் வந்தபோது பரமக்குடி பஸ்ஸில் ஏறி, வாய் தவறி "ஏக் டிக்கெட்" என்றுவிட்டேன். கண்டக்டர், கருப்பையா என்ற பெயருக்கு முழுப் பொருத்தமான என் நிறத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எந்த ஊரு சேட்டு?" என்றார். பஸ்ஸே சிரித்தது.

பெரியவன் பாடே இப்படியென்றால் பிள்ளைகளைக் கேட்க வேண்டுமா? குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் போன பள்ளிக்கூடத்தில் அப்போது தமிழ்ப் பிரிவு ஒன்று இருந்தது. பள்ளியின் பெயர் வேண்டாம். அது பாவம், என்ன செய்யும்? மூன்றாம் வகுப்பில் இருபத்து நாலு பிள்ளைகள். வாத்தியார் சங்கரலிங்கம் சார், திருநெல்வேலிக்காரர். நல்ல மனிதர். அவர் கையிலிருந்த அடிக்குச்சி மட்டும் அவரை விடக் கொஞ்சம் சுறுசுறுப்பு.

அந்த இருபத்து நாலும் வகுப்பில் ஊமை. மணி அடித்து வாசலைத் தாண்டினால் மைக்செட்.

"ஏல, வாய்க்குள்ள என்னல கொழுக்கட்டையா வச்சிருக்க?" என்று சார் கேட்பார். பிள்ளை மெதுவாக வாயைத் திறக்கும். உள்ளே இருந்து "மாலூம் நஹி" வரும். தெரியாது என்பதைக்கூட இந்தியில் சொல்லுகிறதே என்று சாருக்குப் பொத்துக்கொண்டு வரும். முட்டியில் ஒன்று விழும். தமிழ் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பதே முட்டிக்கு நல்லது என்று பிள்ளைகள் தெரிந்துகொண்டன. அதில் என் முத்துவும் ஒருத்தி. எட்டு வயது. வீட்டில் கேள்வி கேட்டே அம்மாவைக் கிணற்றடி வரை விரட்டுகிற பெண், வகுப்பில் வாயைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"வாயைத் திறக்காத பிரிவு எதற்கு? இந்திப் பிரிவோடு சேர்த்துவிடலாம்" என்று மேலே பேச்சு இருக்கிறதாகக் காதில் விழுந்தது. அது நடந்தால் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து அதோடு சரி. சங்கரலிங்கம் சாருக்குத் தூக்கம் போய்விட்டது. எனக்கும்தான்.

3

அந்த நேரம் பார்த்து ஹெட்மாஸ்டர் மெயின்லேண்டில் ஒரு மாதப் பயிற்சி முடித்து, கப்பலில் வந்து இறங்கினார். வடக்கத்திக்காரர். போகும்போது ஒரு பெட்டியோடு போனவர், வரும்போது ஒரு வரைபடத்தோடு வந்தார். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"கருப்பையா பாய், இதைப் பார். வெளிநாட்டில் வாத்தியார் கேள்வி கேட்டால் பிள்ளை எழுந்து நிற்பதில்லை. பட்டனை அமுக்கும். இங்கே பலகையில் பல்பு எரியும். புரிந்தால் பச்சை, புரியாவிட்டால் சிவப்பு. கூச்சப்படுகிற பிள்ளையும் விரலால் பேசும். செய்ய முடியுமா?"

அவர் இந்தியில் சொன்னது இது. முடியாது என்று சொல்ல எனக்கு எந்த மொழியிலும் வராது. நான் பள்ளிக்கூடத்தில் வயரிங் படித்தவன் இல்லை. ஷாக் அடித்து அடித்துத் தெரிந்துகொண்டவன். சாத்தம் மரமில்லில் அறுத்த படாக் மரப் பலகையில் ஒரு நல்ல துண்டு வாங்கினேன். இருபத்து நாலு பிள்ளைகளுக்கு நாற்பத்தெட்டு டார்ச் பல்பு. பாதிக்குப் பச்சைக் கண்ணாடிக் காகிதம், பாதிக்குச் சிவப்பு. பிள்ளைக்கு இரண்டு அழைப்புமணி பட்டன், மேஜைக்கு அடியில் யாரும் பார்க்காத இடத்தில். பெஞ்சிலிருந்து பலகைக்குப் போன வயரைப் பார்த்து ஹெட்மாஸ்டரே மிரண்டுபோய், "இது வெடிக்குமா?" என்று கேட்டார்.

அதிகம் சந்தோஷப்பட்டது முத்துதான். பட்டனைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் ரகசியமாகச் சொன்னாள்:

"பட்டன அமுக்கினா இந்தி வராதுல்லப்பா?"

அந்த ஒரு சொல்லுக்காகவே நாற்பத்தெட்டு பல்பும் தகும் என்று நினைத்துக்கொண்டேன்.

4

திறப்பு விழா நடந்தது. ரிப்பன் இல்லாததால் வயரையே கட்டி வெட்டலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். நான் குறுக்கே விழுந்து தடுத்தேன். ஹெட்மாஸ்டர் இந்தியில் கால் மணி நேரம் விளக்கினார். சங்கரலிங்கம் சார் அதை மொழிபெயர்த்து, "பொருள் விளங்கின் பசுமை, ஐயமுறின் செம்மை" என்றார். இருபத்து நாலு பிள்ளைகளும் தலையாட்டின.

சார் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டு, "ம், அமுக்குங்கல" என்றார்.

பலகை எரிந்தது. இடப்பக்க வரிசை பன்னிரண்டும் சிவப்பு. வலப்பக்க வரிசை பன்னிரண்டும் பச்சை.

கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். ஹெட்மாஸ்டர் நோட்டில் குறித்துக்கொண்டார்: இடது வரிசை பலவீனம். சங்கரலிங்கம் சார் இடது வரிசையை முட்டி போட வைத்து, அதே கணக்கை மறுபடி போட்டார். மறுபடியும் பன்னிரண்டு சிவப்பு. மறுநாளும் அதேதான். "அண்ணாச்சி, இந்தப் பக்கம் காத்து அடிக்கா, இல்ல மூளையில பூச்சி அரிச்சிட்டா?" என்று சார் என்னையே கேட்டார். நான் வயரைப் பிரித்து மூன்று தடவை பார்த்தேன். வயரில் ஒரு குற்றமும் இல்லை.

சாயங்காலம் முட்டி சிவந்துபோய் வந்த முத்துவைப் பாக்கியம் எண்ணெய் தடவி மடியில் உட்கார வைத்திருந்தாள்.

"ஏன் ஆத்தா, அந்தக் கணக்கு உனக்குத் தெரியும்ல? அப்புறம் ஏன் செவப்பு?" என்று கேட்டேன்.

"நாங்க இடது பக்கம் உக்காந்திருக்கோம்லப்பா" என்றாள் முத்து, இதுகூடத் தெரியாதா என்ற முகத்தோடு. "இடது பக்கம் செவப்பு லைட்டு, வலது பக்கம் பச்சை லைட்டு. ஜஹாஸ்ல அப்படித்தானே? மாத்திப் போட்டா இடிச்சிடும்ல?"

ஜஹாஸ் என்றால் கப்பல். துறைமுகத்துப் பிள்ளைகள். அ, ஆ தெரிவதற்கு முன்னால் கப்பலின் எந்தப் பக்கம் எந்த விளக்கு என்று தெரியும். பசுமை, செம்மை எல்லாம் காற்றோடு போக, இருபத்து நாலு பேரும் கூடிப் பேசாமலே வகுப்பை ஒரு கப்பலாக நினைத்து ஒழுங்காக விளக்கு ஏற்றியிருக்கிறார்கள். அந்த அறையில் விதி தெரிந்தவர்கள் அவர்கள் மட்டும்தான். முட்டி போட்டவர்களும் அவர்களேதான். குதிரை கீழே தள்ளியது போதாதென்று குழியும் பறித்த கதை.

நான் சிரித்தேன். பாக்கியம் சிரிக்கவில்லை. "வாத்தியாருக்குப் புரியலன்னா எந்த லைட்டுங்க எரியும்?" என்றாள்.

5

அதன்பிறகு சார் பேச்சுத் தமிழில் விளக்கிச் சொன்னார். பிள்ளைகளுக்குப் புரிந்தது. ரொம்பவே நன்றாகப் புரிந்தது. சிவப்பை அமுக்கினால் பாடம் மறுபடி முதலிலிருந்து, இடைவேளை போச்சு, கூடவே சாரின் திட்டு. பச்சையை அமுக்கினால் பாடம் முடிந்தது, வெளியே ஓடலாம். ஒரே வாரத்தில் பிள்ளைகள் பாட்டே கட்டிவிட்டன: "பச்சைன்னா சுட்டி, செவப்புன்னா குட்டு." சுட்டி என்றால் லீவு.

சார் வாயைத் திறப்பதற்குள் பலகை பச்சைப் பசேல் என்று தஞ்சாவூர் வயல் மாதிரி எரியும். அதன் நடுவே ஒரே ஒரு சிவப்பு. ஏழாம் நம்பர். முத்து.

பாடம், ஆற்றைப் பற்றியது. ஆறு மலையில் பிறக்கிறது, சமவெளியில் ஓடுகிறது, கடலில் கலக்கிறது. இருபத்து மூன்று பச்சை, ஒரு சிவப்பு. சார் மறுபடி சொன்னார். ஒரு சிவப்பு. வகுப்பே திரும்பி அவளை முறைத்தது. பின்னால் இருந்தவன் கிள்ளினான். "போர்ட்லைட், போர்ட்லைட்" என்று பட்டப் பெயர் வைத்தார்கள். கப்பலின் இடப்பக்கச் சிவப்பு விளக்குக்கு அதுதான் பெயர்.

சார் வீடு தேடி வந்தார்.

"அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீங்க. ஒங்க மவ ஒருத்தியால மொத்த வகுப்பும் அதே ஆத்தங்கரையில நிக்குது. பிள்ளைக்குக் கண்ணு கிண்ணு கோளாறா?"

நான் முத்துவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"என்ன ஆத்தா புரியல அதுல?"

"தண்ணி ஒரே பக்கமா போகுதுன்னு போட்டிருக்கு. போனா திரும்பி வராதா?"

"ஆத்துத் தண்ணி எப்படி வரும்?"

"இங்க வருதுல்ல? காலைல போகுது, மத்தியானம் வருது. அங்க ஏன் வராது? போய்க்கிட்டே இருந்தா தீந்து போகாதா?"

ஏற்றமும் இறக்கமுமாக ஒரு நாளைக்கு இரண்டு தடவை போய் வருகிற கடல்நீரை மட்டுமே பார்த்த பிள்ளை. ஒரே போக்காய்ப் போய்விடுகிற தண்ணீரை அவள் எங்கே கண்டாள்? சார் வைகையும் தாமிரபரணியும் பார்த்தவர், நானும் பார்த்தவன். ஆனால் அது ஏன் தீர்ந்து போவதில்லை என்று எட்டு வயதுக்குச் சொல்ல இருவருக்குமே உடனே நாக்கு எழவில்லை.

"நல்ல கேள்விதான்" என்றார் சார், எழுந்துகொண்டே. "நாளைக்கு வகுப்புல சொல்லுதேன்." நல்ல வாத்தியார் என்றேனே, அது பொய்யில்லை. ஆனால் மறுநாள் ஒரு தந்தி வந்துவிட்டது.

6

மெயின்லேண்டிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார். தமிழ்ப் பிரிவைப் பார்த்துவிட்டு, அது இருக்கலாமா கூடாதா என்று எழுதுவார். கூடவே இந்த போர்டையும் பார்ப்பார்.

ஹெட்மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கருப்பையா பாய், அஃப்ஸர் முன்னால் ஒரு சிவப்பும் எரியக் கூடாது."

"பிள்ளை அமுக்கினா எரியுமே, சாப்."

"நீதானே வயர்மேன்?"

சங்கரலிங்கம் சாரும் கூடவே நின்றார். கண் கலங்கி இருந்தது. "அண்ணாச்சி, ஒரு நாளைக்குத்தான். ஒத்தச் செவப்பு எரிஞ்சாலும் 'இவனுவளுக்குத் தமிழே புரியல'ன்னு எழுதிப்புடுவான். பிரிவு போச்சுன்னா நம்ம பிள்ளைய எழுத்த எங்க போய்ப் படிக்கும்?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வகுப்பு காலி. பலகையைத் திருப்பி, சிவப்பு பல்புக்குப் போகிற வயரைக் கழற்றிப் பச்சை பல்பின் காலில் சேர்த்துக் கட்டினேன். இருபத்து நாலு வயர். இனி எதை அமுக்கினாலும் பச்சைதான். ஏழாம் நம்பருக்கு மட்டும் செய்தால் போதும் என்று முதலில் நினைத்தேன். அது பட்சபாதம் ஆகிவிடுமே என்று எல்லாவற்றையும் மாற்றினேன். பாருங்கள், அப்போதும் எனக்கு நியாய உணர்ச்சி இருந்திருக்கிறது!

பாக்கியத்திடம் மட்டும் சொன்னேன். "அடிக்காத மணிக்குச் சத்தம் வைக்கிறீக" என்றாள். "நம்ம பிள்ளைங்க படிப்புக்குத்தானே?" என்றேன். "அதத்தான் நானும் சொல்றேன்" என்றுவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

அதிகாரி வந்தார். கப்பல் மயக்கம் இன்னும் தெளியவில்லை. நாற்காலியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். தமிழ் தெரியாது. நான் வயர்க் கோளாறு வந்தால் பார்க்க மூலையில் நின்றேன். சார் ஆற்றுப் பாடத்தை எடுத்தார். அதைத்தான் நன்றாக ஒத்திகை பார்த்திருந்தார்கள். முடித்துவிட்டுச் சொன்னார்: "அமுக்குங்க."

இருபத்து நாலு பச்சை.

அதிகாரி எழுந்தே நின்றுவிட்டார். "சபாஷ்! ஒன்றுகூடச் சிவப்பு இல்லை!" ஹெட்மாஸ்டர் கை தட்டினார், சார் தட்டினார், நானும் தட்டினேன். முத்து மட்டும் பலகையைப் பார்த்தாள். குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தாள். மறுபடி ஒரு தடவை அமுக்கினாள். அவளுடைய பச்சை மறுபடி பளிச்சென்று எரிந்தது.

சாயங்காலம் வீட்டில் சொன்னாள்: "அப்பா, நான் செவப்பத்தான் அமுக்கினேன்."

"விரல் மாறியிருக்கும் ஆத்தா."

"இல்லப்பா, குனிஞ்சு பாத்து அமுக்கினேன். அந்தப் பெரியவருகிட்டயாவது கேக்கலாம்னு."

"பல்பு பொய் சொல்லுமா? பச்சை எரிஞ்சுச்சுன்னா உனக்குப் புரிஞ்சிருக்குன்னு அர்த்தம். உனக்கே தெரியல."

இதைச் சொன்னவன் நான்தான். வேறு யாரும் இல்லை. அவள் தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப்பின் அவள் வகுப்பில் பட்டனைத் தொடவில்லை என்று சார் பிற்பாடு சொன்னார்.

7

இரண்டு மாதம் கழித்துக் கப்பலில் உத்தரவு வந்தது. அதன் சாரத்தை எழுதுகிறேன். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி எங்கே போச்சு என்று கேட்காதீர்கள். முத்திரை குத்தி வந்த நெய் அது.

இந்த வகுப்புப் பிள்ளைகள் எல்லாப் பாடத்தையும் குறைவின்றிப் புரிந்துகொள்ளுகிறார்கள். புரியாத பிள்ளை ஒன்றுகூட இல்லை. இத்தனை கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவும் தனி வாத்தியாரும் தேவையில்லை. அடுத்த வருஷம் முதல் இந்திப் பிரிவோடு சேர்க்கவும். வாத்தியாரைப் பிள்ளைகளுக்குப் பாடம் புரியாத வேறு தீவுக்கு மாற்றவும். போர்டைக் கண்காட்சிக்கு அனுப்பவும்.

ஹெட்மாஸ்டருக்குப் பாராட்டுக் கடிதம். எனக்கும் ஒன்று; பெயரைக் 'கருபியா' என்று அடித்திருந்தார்கள்.

நானும் சாரும் மனு எழுதினோம். மூன்று பிரதி. பிள்ளைகளுக்குப் பாடம் புரியவில்லை, தமிழ்ப் பிரிவு அவசியம் வேண்டும் என்று. பதில் வந்தது: ஆய்வறிக்கையின்படி இருபத்து நாலும் பச்சை, புரியவில்லை என்பதற்கு ஆதாரம் தேவை. ஆதாரம் என் வீட்டில்தான் இருந்தது; அதன் விரலை நானே பொய்யாக்கிவிட்டேன். வயரை மாற்றியது நான்தான் என்று எழுதலாம் என்றேன். சார் கையெடுத்துக் கும்பிட்டார். "எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைய இருக்கு அண்ணாச்சி. எழுதிராதீங்க." எழுதவில்லை. அவருக்காக என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

கப்பல் ஏறும் அன்று சார் முத்துவின் தலையில் கை வைத்து, "மேல மழ பெய்யிற வரைக்கும் ஆத்துத் தண்ணி தீராது, என்னட்டி?" என்றார். பதில் சொல்லிவிட்டுத்தான் போனார். ஐந்து மாதம் தாமதம், அவ்வளவுதான். கப்பலை விடச் சீக்கிரம்.

வீட்டில் நானே தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுப்பதாகச் சபதம் போட்டேன். பாக்கியம் ஸ்லேட்டை எடுத்தால், "நீ சும்மா இரு, நான் முறையாச் சொல்லித் தாறேன், ஞாயிற்றுக்கிழமை" என்பேன். கப்பல் பூராவும் ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது. ஊரானிடம் மூன்று மொழி எழுத்தைக் கேட்டுக் கேட்டுத் தானே படித்த மேதாவி, பெற்ற பிள்ளைக்கு ஒரு மொழி எழுத்தைத் தரவில்லை. நம் ஊரில் சொல்வார்களே, ஊருக்கெல்லாம் பல்லி குறி சொல்லும், அதுவே கழுநீர்ப் பானையில் விழுமாம். அந்தப் பல்லிக்குத் தீவில் வயர்மேன் என்று பெயர்.

முத்து இந்தியில் முதல் மார்க் வாங்கினாள். டீச்சர் ஆனாள். தமிழ் நன்றாகப் பேசுவாள். கோபம் வந்தால் மட்டும் இந்தி. அவளுக்குக் கோபம் கொஞ்சம் அடிக்கடி வரும்.

8

இப்போது மேஜைமேல் புதுப் பலகை இருக்கிறது. இதுவும் படாக்தான். பழைய பலகை கண்காட்சி முடிந்து எங்கோ ஒரு கொட்டகையில் இன்னும் சாய்ந்து கிடக்கிறதாம். படாக்கைக் கரையான் தின்னாது. அதனால் நான் கட்டிய கட்டும் பத்திரமாக இருக்கும். கேம்பல் பேயில் கரண்டு வருவதும் போவதுமாக இருப்பதால் டார்ச் செல்லிலேயே எரிகிற மாதிரி செய்திருக்கிறேன். பதினெட்டுப் பிள்ளைகள், பஞ்சாபி, மராட்டி, மலையாளி, தமிழ் என்று பட்டாளத்துக்காரர் வீட்டுப் பிள்ளைகள். பதினெட்டு வாயிலிருந்தும் ஒரே பாஷை வர வேண்டும் என்று யாராவது அங்கேயும் குச்சியோடு நிற்பார்கள். பட்டன் அவர்களுக்கு உதவட்டும்.

சிவப்பை அமுக்கினால் சிவப்பே எரியணும் என்று எழுதியிருக்கிறாளே, எட்டு வயதிலேயே கண்டுபிடித்துவிட்டாளா, பிற்பாடு தெரிந்ததா? பதினான்கு வருஷமாக அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இதை எழுதி முடித்ததும் ஒரு பிரதியை அவளுக்கும் அனுப்புவதாக இருக்கிறேன். இந்தி எழுத்தில்.

நேற்று மத்தியானம் பலகையைச் சோதித்துப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. பாக்கியத்தைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தேன்.

"எனக்கெதுக்குங்க இந்த வேலை? அடுப்புல குழம்பு இருக்கு."

"ஒரு நிமிசம். நான் கேள்வி கேப்பேன். புரிஞ்சா இதை அமுக்கு, புரியலன்னா இதை அமுக்கு."

"பன்னெண்டும் ஆறும் எவ்வளவுன்னு கேக்காதீக. மறந்து போச்சு."

கேள்வி எதுவும் எனக்குத் தோன்றவில்லை. சட்டைப் பையில் முத்துவின் கடிதம் இருந்தது. விளையாட்டாக அதையே அவள் முன்னால் விரித்து வைத்து, "படிச்சுட்டு அமுக்கு" என்றேன்.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, கடிதத்தை முதல் வரியிலிருந்து பார்க்க ஆரம்பித்தாள். வரி வரியாகக் கண் போனது. பக்கத்தைத் திருப்பினாள். கடைசியில் முத்து கையெழுத்துப் போட்டிருந்த இடத்தில் கொஞ்சம் நின்றாள். இத்தனை வருஷமாக நான் எதைச் சொன்னாலும் புரியுது புரியுது என்று தலையாட்டியே பழகியவள், இரண்டு பட்டனையும் குனிந்து ஒரு தடவை பார்த்துவிட்டு, ஒன்றை அழுத்தி அமுக்கினாள். கையை எடுக்கவில்லை.

சிவப்பு எரிந்தது.

வயரிங் சரியாக இருக்கிறது.